அடித்தல் திருத்தல் இல்லாத படிவம்

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னது தேதியையும் அன்றைய நாப்கின் எண்ணிக்கையையும் மட்டுமே. அதற்காக ஒரு முழு டைரியை எடுத்துவிட்டேன். மிச்சப் பக்கம் வெறுமையாகக் கிடப்பது எனக்குப் பொறுக்காது. பத்திரப்பதிவுத் துறையில் பதினாறு வருடம் ஆகிறது; சார்பதிவாளராக ஐந்து வருடம். வெற்றிடம் விட்டுக் கையெழுத்துப் போட்டால் பிற்பாடு அதில் யாராவது எதையாவது எழுதிக்கொள்வார்கள்.

இன்று ஏழு. தொடங்கிப் பதினோராவது நாள்.

ஸ்கேன் முடிவு: கர்ப்பப்பையில் ஐந்து நார்க்கட்டிகள். பெரியது சாத்துக்குடி, அடுத்தது எலுமிச்சை, மற்ற மூன்றும் நெல்லிக்காய். ஸ்கேன் எடுத்த பெண் சென்டிமீட்டரையும் சொன்னாள், ஆனால் பழத்தைச் சொல்லும்போதுதான் குரலில் உறுதி இருந்தது. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பதற்குக் காரணம் ஆவணங்களின் எடை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் டாக்டர் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். "முப்பத்தொன்பது வயசாச்சு. அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? மொத்தமா எடுத்துட்டா நிம்மதி."

பட்டா நிலத்தில் முள் முளைத்தால் முள்ளை வெட்டுவார்கள். நிலத்தை எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை, வெளியே வந்து கணவரிடம் சொன்னேன். கணவர் குணசீலன் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். டாக்டர் சொன்னதும் சரி என்றார், நான் சொன்னதும் சரி என்றார். கடைசியாகப் பேசியது நான் என்பதால் மதுரையில் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எட்டு. மறுபடியும் கறுப்புச் சேலை. வீட்டில் ஏதும் துக்கமா என்று அலுவலகத்தில் விசாரிக்கிறார்கள்.

பிப்ரவரி 8, சனி

மதுரை டாக்டரின் பெயர் ஹெப்சிபா. என் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் பேரிக்காய் வரைந்தார். அதுதான் கர்ப்பப்பை. இந்தத் துறையில் பழம் இல்லாமல் எதுவும் நடக்காது போலிருக்கிறது.

வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். தொப்புளில் ஒரு துளை, அதற்குக் கீழே மூன்று. வாயுவை நிரப்பி வயிற்றைக் கூடாரம்போல எழுப்புவார்கள். கேமரா உள்ளே போகும். கட்டியை உரித்தெடுத்து, உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, பைக்குள் வைத்தே துண்டு துண்டாக்கி வெளியே உருவுவார்கள். பிறகு கர்ப்பப்பையைத் தைப்பார்கள். இரண்டு மணி நேர வேலை. மறுநாள் நடக்கலாம், இரண்டு மூன்று நாளில் வீடு. தோள்பட்டை வலிக்கும், பயந்துவிடக் கூடாது என்றார். வயிற்றில் துளை போட்டால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்டேன். மிஞ்சிய வாயு மேலே போய் உறுத்தும், மூளை அதைத் தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்ளும் என்றார். ஓரிடத்துக் குறைக்கு வேறிடத்தில் விளக்கம் கேட்கும் முறை அரசு ஊழியருக்குப் புதிதல்ல.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று கேட்டார். "அதெல்லாம் அவங்க இஷ்டம் டாக்டர்" என்றார் கணவர். உறுப்பு என்னுடையது, உள்ளபடியே இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை என்றேன். டாக்டர் எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு எழுதினார்.

"பெரிய கட்டி தசைக்குள்ள ஆழமா இருக்கு. ரத்தம் கொஞ்சம் போகும். ரத்தம் நிக்கவே இல்லைன்னா மட்டும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம். அபூர்வம்தான். இதுவரைக்கும் என் கையில ரெண்டு பேருக்கு அப்படி ஆயிருக்கு."

அந்த இரண்டு பேரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்டது, ஆட்டோவில் வந்தால் தையல் பிரியுமா என்பது.

ரத்தம் ஊற இரும்புச்சத்து டிரிப்ஸ், வாரம் ஒன்றாக மூன்று. அறுவைச் சிகிச்சை மார்ச் 12, புதன்கிழமை.

பிப்ரவரி 17, திங்கள்

முகூர்த்த நாள். நாற்பத்திரண்டு பத்திரம். ஒரு லாரி உரிமையாளர் பிறந்து ஐந்து மாதமான மகளுக்கு வீடு ஒன்றைத் தானமாக எழுதிவைத்தார். குழந்தையைக் கொண்டுவரத் தேவையில்லை, கொண்டுவந்திருந்தார்கள். அது என் ரப்பர் ஸ்டாம்பைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. பத்திரத்தில் குழந்தையின் பெயர் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நான்காம் முறையும் பார்த்தேன். வரிசை நீண்டுவிட்டது என்று வெளியே சத்தம் போட்டார்கள்.

வழக்கம்போல எல்லோரிடமும் "படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். வழக்கம்போல எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருவரும் படித்திருக்கவில்லை. எழுதிக் கொடுத்தவர் படித்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் இந்த மாவட்டத்தின் நிலமெல்லாம் கைமாறிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அத்தை வந்துவிட்டார். என் மாமியார் சௌந்தரம். பதினொரு வருடமாக ஒவ்வொரு பண்டிகைக்கும் "ஏதும் விசேசம் உண்டாத்தா?" என்று என்னிடம் கேட்டுவருபவர். மாமா காலமான பிறகு சிவகாசியில் தனியாக இருக்கிறார். கணவர் ஒரே பிள்ளை.

உறவினர்களிடம் ஹெர்னியா என்று சொல்வதெனக் குடும்பம் முடிவு செய்தது. கர்ப்பப்பை என்ற சொல் எங்கள் குடும்பத்தில் இதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. உடனே ஹெர்னியா கண்டவர்கள் எல்லோரும் தொலைபேசியில் வந்துவிட்டார்கள். ஒரு சித்தப்பா பெல்ட் அனுப்புகிறாராம்.

கணவர் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அத்தை கட்டியின் அளவைக் கேட்கவில்லை, ஆபத்தா என்று கேட்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "கையெழுத்து யாரு போடுறது?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். சரி என்றார். என் உத்தியோகத்தின் மேல் திடீரென்று அக்கறை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

மதுரை. ஹீமோகுளோபின் பத்து. பாராட்டினார்கள்.

ஒப்புதல் படிவம் மூன்று பக்கம். உட்கார்ந்து முழுவதும் படித்தேன். கவுன்ட்டர் பெண்ணுக்கு இது புது அனுபவம். இரண்டு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ஒன்பதாவது பத்தி: "சிகிச்சையின்போது மருத்துவர் தேவையெனக் கருதினால் கர்ப்பப்பையை அகற்றவும் சம்மதிக்கிறேன்."

தேவையெனக் கருதினால். இந்த இரண்டு சொற்களை வைத்து ஒரு மாவட்டத்தையே கையகப்படுத்தலாம். கோடு போட்டு அடித்தேன். மேலே "உயிரைக் காக்க வேறு வழியே இல்லையெனில் மட்டும்" என்று எழுதினேன். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். கடைசிப் பக்கத்தில் "ஓர் இடத்தில் அடித்து எழுதப்பட்டது" என்று குறிப்பும் போட்டேன். டாக்டர் ஹெப்சிபா படித்துவிட்டு அவரும் சுருக்கொப்பம் வைத்தார்.

"இந்தப் படிவத்தைப் படிச்ச முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

ஊர் திரும்பும் வரை மகிழ்ச்சியாக இருந்தேன். என் அலுவலகத்துக்கு இப்படி அடித்தல் திருத்தலோடு ஒரு பத்திரம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். சுருக்கொப்பம் இருந்தால் ஏற்கலாம் என்றுதான் விதி. ஆனாலும் அனுப்பிவிடுவேன். சுத்தமான பத்திரம் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

மார்ச் 8, சனி

நாட்காட்டியில் புதன்கிழமை கணவரின் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். அத்தை யோசித்துவிட்டு, அறுபடப் போவது அவன் இல்லையே என்று அனுமதி கொடுத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

மருத்துவமனையில் சேர்ந்தாயிற்று. மூன்றாம் மாடி, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. வயிற்றைச் சுத்தப்படுத்த ஒரு திரவம் கொடுத்தார்கள். காலையிலிருந்து கழிவறைக்கும் கட்டிலுக்கும் இடையே பணிமாறுதலில் இருக்கிறேன். புறங்கையில் ஊசி. மூக்குத்தி கழற்ற மறுத்தது. சோப்புப் போட்டு நர்ஸ் கழற்றினார். தாலிச் செயினை அத்தை வாங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிற்பகல் கணவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். ஒப்புதல் படிவம் அடித்தல் திருத்தலோடு இருந்தால் கணினியில் ஏற்ற முடியாதாம், புதிதாக ஒன்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களாம். "உன் ஆபீஸ் மாதிரியேதான், அரசி" என்றார். என் பெயர் மங்கையர்க்கரசி. நல்ல மனநிலையில் இருந்தால் அரசி. தலை சுற்றிக்கொண்டிருந்தது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டேன். மொத்தம் பதினான்கு. நல்ல பேனா, தடங்கல் இல்லாமல் எழுதியது.

நாளைக் காலை எட்டு மணி. பயம் ஒன்றும் இல்லை. டாக்டரின் அந்த இரண்டு பேருக்கும் முதல் நாள் பயம் இருந்திருக்காது.

மார்ச் 12, புதன்

(எழுதவில்லை.)

மார்ச் 13, வியாழன், காலை

தோள்பட்டை வலிக்கிறது. சொன்னபடியே செய்கிறார்கள்.

நேற்று நினைவில் இருப்பது: பச்சைத் துணி, குளிர், மயக்க மருந்து டாக்டர் என் சம்பளக் குழுவைப் பற்றிக் கேட்டது. அதற்குப் பிறகு சாயங்காலம்தான். இரண்டு மணி நேரம் என்றார்கள். நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. கம்பியில் ரத்தப் பை தொங்குகிறது, அது இரண்டாவதாம். வயிற்றில் நான்கு பிளாஸ்திரி. இவ்வளவு சிறிய நான்கு பிளாஸ்திரிக்குக் கீழே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியவில்லை.

ஒருவரும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் காற்றுப் பிரிந்ததா என்றுதான் கேட்கிறார்கள். முப்பத்தொன்பது வருட வாழ்க்கையில் இந்தக் கேள்வி இத்தனை பேரிடமிருந்து இத்தனை அன்போடு எனக்கு வந்ததில்லை. நர்ஸ் நடக்கச் சொன்னார். கழிவறை வரை பதினேழு அடி நடந்தேன். திரும்பி வரும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். "கட்டி எத்தனை எடுத்தாங்க?" என்று கேட்டேன். "அஞ்சும் எடுத்தாச்சும்மா" என்றார். அடுத்த கேள்விக்குப் பதிலாகத் தண்ணீர் குடித்தேன்.

கணவர் முகத்தைப் பார்க்காமல் இளநீர் ஊற்றித் தருகிறார். பதினொரு வருடத்தில் அவர் இவ்வளவு சுத்தமாக இளநீர் ஊற்றியதில்லை.

மணி பத்தரை. கோப்பைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு வாங்கினேன். சிகிச்சைக் குறிப்பு இன்னும் டாக்டரிடம் இருக்கிறதாம், அந்தப் பக்கம் இல்லை. ஒப்புதல் படிவம் இருந்தது. மூன்று பக்கம். மிகச் சுத்தமாக இருந்தது. ஒன்பதாவது பத்தி: "மருத்துவர் தேவையெனக் கருதினால்." அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. நான் எழுதிய வரி எங்கும் இல்லை. கீழே சம்மதிப்பவர் கையெழுத்து இருந்தது. அது என்னுடையதுதான். போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது என் தொழில். இது அசல்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ எழுதியதையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். படித்தீர்களா என்றேன். நீ படிப்பாய் என்று நினைத்தேன் என்றார். பிறகு கேட்டேன், நேற்று டாக்டர் வெளியே வந்தாரா என்று.

"வந்தாங்க. ரத்தம் நிக்கலைன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் இளநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "எடுத்துருங்கன்னு சொன்னேன், அரசி" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆக, முடிந்தது. ஆவணம் சட்டப்படி செல்லும்.

மார்ச் 13, மாலை

அத்தை கஞ்சி கொண்டுவந்தபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தையல் போட்ட வயிற்றோடு அழுவது சிரமமான வேலை. ஒவ்வொரு விம்மலுக்கும் நான்கு இடத்தில் சுருக்கென்று இழுக்கும். கண்ணில் தூசி என்று சொல்லும் அளவுக்குக்கூட என்னிடம் யோசனை இல்லை.

"என்னத்துக்கு இப்ப அழுகுற? வலிக்குதா?"

இல்லை என்றேன். எடுத்துவிட்டார்களே என்றேன். பதினொரு வருடத்தில் அத்தையிடம் நான் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம்.

அத்தை கஞ்சியை மேசையில் வைத்தார். "எதை? அது உள்ளதான இருக்கு. அந்தம்மா நேத்தே உங்கிட்ட சொல்லுச்சே, கண்ணத் தொறந்து தலையாட்டுனியே."

எனக்கு எதுவும் நினைவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது எரிச்சலாகிவிட்டார்.

நடந்தது இது. உச்சிவேளைக்குச் சற்று முன் டாக்டர் ஹெப்சிபா வெளியே வந்திருக்கிறார். பெரிய கட்டி இருந்த குழியில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது, தைத்தும் நிற்கவில்லை, எடுத்துவிடுவது நல்லது என்று தோன்றுகிறது என்றிருக்கிறார். கணவர் உடனே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் இருந்த அத்தை எழுந்து போய் டாக்டருக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

"நான் கேட்டேன். இந்த நிமிசம் அவ உயிருக்கு ஆபத்தான்னு. இப்ப இல்லை, ஆனா ஆகலாம்னுச்சு அந்தம்மா. அப்ப ஆகுறப்ப எடுங்க, இப்ப போயி தைங்கன்னேன். அவ என்னமோ அடிச்சு எழுதிக் குடுத்தாளாமே, அதத் தேடிப் பாருங்கன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. உள்ள போயிருச்சு."

முக்கால் மணி நேரம் கழித்து ரத்தம் நின்றதாகச் செய்தி வந்திருக்கிறது. அந்த முக்கால் மணி நேரமும் கணவர் தன் அம்மாவோடு பேசவில்லையாம். அவளுக்கு ஏதாவது ஆனால் உன்னை மன்னிக்க மாட்டேன் என்று ஒரு முறை மட்டும் சொன்னாராம்.

அத்தை கஞ்சியை ஆற்றத் தொடங்கினார். ஆற்றிக்கொண்டே, கேட்காமலே சொன்னார்.

"குணாவுக்கு அப்ப மூணு வயசு. எனக்கு இருபத்தாறு. வயித்து வலின்னு போனேன். என்னமோ சதை வளந்திருக்கு, எடுத்தாச்சுன்னாங்க. அதுக்கப்புறம் மாசம் வரலை. வரும் வரும்னு ரெண்டு வருசம் காத்துக் கெடந்தேன். வேற ஊர்ல ஒரு டாக்டரம்மா பாத்துத்தான் சொல்லுச்சு, உனக்குப் பையே இல்லையேம்மான்னு. உங்க மாமா கையெழுத்துப் போட்டிருக்காரு. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். கேட்டா நீ சம்மதிச்சிருக்க மாட்ட, செத்துப் போயிருப்பன்னாரு. இருக்கலாம். நல்ல மனுசன்தான். ஆனா எங்கிட்ட கேக்கலை."

கணவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவன்ட்ட எதுக்கு? குடி, ஆறிப் போச்சு."

குடித்தேன். உப்பு இல்லை. சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் ஹெப்சிபா வந்தார். மயக்கம் தெளியும்போதே என்னிடம் எல்லாவற்றையும் விளக்கியதாகவும், நான் மிகத் தெளிவாக "சரி, அடுத்த டோக்கன்" என்று பதில் சொன்னதாகவும் சொன்னார். நர்ஸ்கள் நேற்று முழுவதும் இதையே பேசிச் சிரித்திருக்கிறார்கள்.

கோப்பில் இருந்த சுத்தமான படிவத்தைப் பார்த்து, நான் மனம் மாறிவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகமாம். நான் அடித்து எழுதியது அவருக்கு நினைவிருக்கிறது, கையில் இருக்கும் தாள் வேறு விதமாகச் சொல்கிறது. அதனால்தான் வெளியே கேட்க வந்தாராம். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாரா என்று கேட்டேன். "தெரியலை" என்றார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் மரியாதை கூடியது.

"உங்க மாமியார் பண்ணது ரிஸ்க். எல்லார் கேஸ்லயும் இப்படி முடியாது" என்றும் சொன்னார்.

காற்றுப் பிரிந்தது. மூன்றாம் மாடி முழுவதும் செய்தி போய்விட்டது.

மார்ச் 15, சனி

வீடு. குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தொடக் கூடாது. காய்ச்சலோ கசிவோ இருந்தால் உடனே போக வேண்டும். கட்டிகள் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன.

கணவரும் அத்தையும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள். நானும் கணவரும் அதைவிடக் குறைவாக. கோபம் அவர்மேலா, பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டவள்மேலா என்று முடிவாகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பதால் அவசரமில்லை.

மார்ச் 19, புதன்

சித்தப்பாவின் ஹெர்னியா பெல்ட் வந்தது. அத்தை அதைக் கட்டிக்கொண்டு முதுகு வலி குறைந்திருப்பதாகச் சொல்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

அத்தை நேற்றே சிவகாசி போய்விட்டார். போகும்போது இந்த முறை விசேஷம் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்காதது விசித்திரமாக இருந்தது.

மதுரைக்கு வாடகைக் கார். பரிசோதனை முடிவு வந்திருந்தது: கட்டிகளில் கெடுதல் எதுவும் இல்லை. தையல் ஆறிவிட்டது. டாக்டர் ஹெப்சிபா பழைய பேரிக்காய்ப் படத்தை எடுத்து, தைத்த இடத்தில் ஒரு கோடு போட்டார். அந்த இடம் இறுக ஆறு மாதமாவது ஆக வேண்டும். அதுவரை கர்ப்பம் கூடாது. அதற்குப் பிறகு தரித்தாலும் பிரசவ வலி வரை விட முடியாது, அறுவைச் சிகிச்சைதான். இந்த வயதில் வாய்ப்பு எவ்வளவு என்றும் மறைக்காமல் சொன்னார். அதிகமில்லை. பிறகு, அப்படி ஓர் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி மாத்திரை எழுத வேண்டும் என்றார்.

கணவர் வாயைத் திறந்தார். அவங்க இஷ்டம் என்பது பாதி வெளியே வந்துவிட்டது.

"இருக்கு" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அறையில் டாக்டரைத் தவிர இருந்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் மாத்திரை எழுதினார்.

காரில் திருமங்கலம் தாண்டும் வரை பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியே ஒரு முறை பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்திவிட்டார்.

"எப்பருந்து?" என்றார் கணவர்.

"ரொம்ப நாளா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும்தான்" என்றார்.

பதினொரு வருடம் இரண்டு பேர் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, மற்றவருக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று விட்டுக்கொடுத்திருக்கிறோம். இவ்வளவு நாகரிகமான குடும்பம் மாவட்டத்தில் வேறு இருக்காது. எனக்கு உடனே ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"அப்புறம் எப்படி எடுத்துருங்கன்னு சொன்னீங்க? ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே."

அவர் என்னைப் பார்த்தார். கேள்வியே புரியாதவர்போலப் பார்த்தார்.

"அது வேற, அரசி" என்றார். "உள்ள நீ கெடந்த."